சிவப்புப் பம்பும் பக்கத்து வீட்டுத் தண்ணீரும்

புகைப்படம் எடுக்கும்போது நான் வாயைத் திறந்து சிரிப்பதில்லை. தருமபுரி மாவட்டத்துக் காலனி ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். என் முன்பற்களில் பழுப்பு நிறத்தில் குறுக்கே கோடுகள் ஓடும். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் ‘மஞ்சப்பல்லு’. சென்னைக்குப் படிக்க வந்தபோது விடுதியில் ஒருவன், “பல்லே விளக்க மாட்டியா?” என்று கேட்டான். விளக்கத்தான் செய்தேன். அது விளக்கினால் போகிற கறை இல்லை. நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு, பல் உருவாகிற வயதிலேயே உள்ளே இறங்கிவிட்ட கறை.

அந்தத் தண்ணீர் எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ஒரு கிணறு இருந்தது. எங்கள் ஆட்கள் அதில் இறங்கக் கூடாது. ஊர்க்காரர் யாராவது சேந்தி, எட்ட நின்று எங்கள் குடத்தில் ஊற்றுவார்கள். அவர்கள் வரும்வரை அம்மா காத்திருக்கும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காலனிக்கென்று தனியாகப் போர் போட்டு ஓர் அடிபம்பு வைத்தார்கள். பம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் காலனியே பொங்கலிட்டதாக அம்மா சொல்லும். இனி எவன் கையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம் என்கிற சந்தோஷம். அந்தத் தண்ணீரில்தான் ஃபுளோரைடு இருந்தது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் எழுத வந்தது தருமபுரியைப் பற்றி அல்ல, வங்கத்தைப் பற்றி. அங்கே நிலத்தடியில் இருப்பது ஃபுளோரைடைவிடக் கொடிய ஆர்சனிக்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் ஓர் உதிரிபாகப் பட்டறையில் கணக்கு வேலை பார்த்தேன். மெஷினில் நின்றவர்களில் பாதிப் பேர் வங்காளம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஐம்பது வயதை நெருங்கிய ஒருவரை எல்லோரும் ‘தாதா’ என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் தாதா என்றால் ரவுடி, வங்காளத்தில் அண்ணன். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தபோது அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் தடித்து, சோள மணிகளை உள்ளே புதைத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. திறந்திருந்த சட்டைக்குள் மார்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். நான் என் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் சொன்னார்: “ஒட்டாது தம்பி. இது தண்ணி.”

என் அம்மாவைக் கிணற்றிலிருந்து எட்ட நிற்கச் சொன்னவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். கைப்பையில் அம்பேத்கர் புத்தகம் வைத்திருந்த காலத்தில்தான் செய்தேன். இந்தக் கட்டுரையை எழுத அந்த வெட்கமும் ஒரு காரணம்.

தாதாவின் ஊர் மேற்கு வங்கத்தில், வடக்கு 24 பர்கானா மாவட்டத்தின் காய்காட்டா வட்டாரத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில்தான் தாகூர்நகர் இருக்கிறது. ஹரிசந்த் தாகூரும் அவர் மகன் குருசந்த் தாகூரும் கிழக்கு வங்கத்தில் கட்டி எழுப்பிய மதுவா இயக்கம், பிரிவினைக்குப் பிறகு வந்து ஊன்றிய இடம் அது. ‘சண்டாளர்’ என்ற இழிபெயரை எதிர்த்துப் போராடி, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘நாமசூத்திரர்’ என்று பதிவு செய்ய வைத்த மக்கள் அவர்கள். 1946இல் பம்பாயில் இடம் கிடைக்காத அண்ணல் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு வங்கத்திலிருந்து அனுப்பிய வாக்குகளைத் திரட்டியவர் அந்தச் சமூகத்தில் பிறந்த ஜோகேந்திரநாத் மண்டல். அரசியல் சட்டத்துக்குள் நாம் நுழைந்த வாசல் அந்த மக்கள் திறந்துவிட்டது. அந்தக் காய்காட்டா, வங்கத்தில் ஆர்சனிக் பாதிப்பு மிகுந்த வட்டாரங்களில் ஒன்று.

ஆர்சனிக் நமக்குப் புதிய பொருள் அல்ல. சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது ஆர்சனிக் சேர்மத்தைத்தான். ஆனால் வங்கத்துத் தண்ணீரில் அதை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்துக்கொண்டு வந்த வண்டல்தான் அந்தச் சமவெளி முழுவதும். அந்த மண்துகள்களின் மேல் இரும்புத் துரு படிந்திருக்கிறது, அந்தத் துருவோடு ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. காற்றுப் புகாத ஆழத்தில், மண்ணில் புதைந்த தாவர மிச்சங்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்கின்றன. துரு கரையும்போது ஆர்சனிக் தண்ணீருக்குள் வருகிறது. பெரும்பாலும் மேல்மட்ட நிலத்தடி நீரில்தான் இந்தச் சிக்கல். 150 மீட்டருக்குக் கீழே உள்ள பழைய படிவுகளின் நீரில் பொதுவாக ஆர்சனிக் குறைவு. ஆறு, குளம், மழை நீரில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

பிறகு ஏன் அந்த மக்கள் மேல்மட்ட நீரைக் குடிக்கப் போனார்கள்? குடிக்கச் சொன்னது அரசுகளும் உலக நிறுவனங்களும்தான். குளத்து நீரால் காலராவும் வயிற்றுப்போக்கும் வந்து குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 1970களிலிருந்து யுனிசெஃப் உள்ளிட்ட நிறுவனங்களின் உதவியோடு கிழக்கிலும் மேற்கிலும் அடிபம்புகள் இறங்கின. கிருமி இல்லாத தண்ணீர், அதுவும் வீட்டு வாசலில். வங்கதேசத்தில் மட்டும் இப்படிப் பல லட்சக்கணக்கான பம்புகள். பெரும்பாலானவற்றை மக்களே தங்கள் சொந்தக் காசில் போட்டுக்கொண்டார்கள். நல்ல நோக்கம்தான். குழந்தைகள் பிழைத்ததும் உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் கைகளைப் பார்த்து, இது தொழுநோய் அல்ல, ஆர்சனிக் நஞ்சு என்று கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல், 2018இல் இறக்கும்வரை, கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீரைச் சோதித்தார். அவருடைய குழு மேற்கு வங்கத்தில் இருபது ஆண்டுகளில் சோதித்த சுமார் 1,40,000 மாதிரிகளில் 48 விழுக்காட்டில், உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டி ஆர்சனிக் இருந்தது. ஏறத்தாழ 24 விழுக்காட்டில் 50 மைக்ரோகிராமையும் தாண்டியது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவே ஆண்டுக்கணக்கில் குடித்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

வங்கதேசத்தில் 1993இல்தான் முதல் பம்பில் ஆர்சனிக் கண்டுபிடிக்கப்பட்டது. 1998–99இல் நாடு தழுவி நடந்த ஆய்வில், மேல்மட்டக் கிணறுகளில் 27 விழுக்காடு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. வரலாற்றிலேயே மக்கள்திரள் ஒன்று இவ்வளவு பெரிய அளவில் நஞ்சூட்டப்பட்டது இல்லை என்று 2000இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் அறிவியலாளர்கள் எழுதினார்கள். 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருப்பதாக அவர்கள் கணித்தார்கள்.

யாராவது பொறுப்பேற்றார்களா? 1992இல் வங்கதேச நிலத்தடி நீரை ஆய்வு செய்த பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆர்சனிக்கைச் சோதிக்கவே இல்லை. இதற்காக வங்கதேசக் கிராமவாசி ஒருவர் லண்டன் வரை போய் வழக்குத் தொடுத்தார். அந்த நிறுவனத்துக்கு அவர்மேல் சட்டப்படியான கடமைப் பொறுப்பு எதுவும் இல்லை என்று 2006இல் பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும். இயற்கையாகத் தரையில் இருக்கிற நஞ்சுக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு? எல்லாவற்றையும் சாதியில் கொண்டுபோய் முடிப்பதா? நியாயமான கேள்விதான். ஆர்சனிக் சாதி பார்ப்பதில்லை. பீகாரில் இந்தச் சிக்கல் 2002இல் முதன்முதலாக வெளிப்பட்ட போஜ்பூர் மாவட்டத்துக் கிராமத்தின் பெயர் சிம்ரியா ஓஜா பட்டி. ஓஜா என்பது பார்ப்பனக் குடும்பப் பெயர். பத்தடி தூரத்தில் இருக்கும் இரண்டு பம்புகளில் ஒன்று நஞ்சாகவும் மற்றொன்று நல்லதாகவும் இருக்கும். அதைத் தீர்மானிப்பது மண் மட்டுமே.

ஆனால் உன் பம்பில் நஞ்சு இருக்கிறது என்று தெரிந்த மறுநாள் காலையில் நீ என்ன செய்வாய் என்பதை மண் தீர்மானிப்பதில்லை.

வங்கதேசத்தில் லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்து, நஞ்சு இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று வர்ணம் அடித்தார்கள். சிவப்புப் பம்பு வைத்திருப்பவருக்குச் சொன்ன அறிவுரை, பக்கத்தில் இருக்கும் பச்சைப் பம்பில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. செலவில்லாத, உடனடியான வழி. பல குடும்பங்கள் இதனால் பிழைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ‘பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற இந்த எளிய வாக்கியத்தை இந்தியத் துணைக்கண்டத்தில் ஒரு தலித் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீடு யாருடையது? அந்த வாசலில் இவள் கால் வைக்கலாமா? பம்பின் கைப்பிடியைத் தொடலாமா? அந்த வீட்டுக்காரர் வயலில் இவள் நடவுக்குப் போக மறுத்த அடுத்த நாளும் தண்ணீர் கிடைக்குமா?

தாதா எனக்குச் சொன்னது இதைத்தான். அவர்கள் வாசல் பம்பில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனார்கள். நல்ல தண்ணீர் வந்த பம்பு, அவர்கள் வேலைக்குப் போகும் வயல்காரர் வீட்டில் இருந்தது. அவருடைய மனைவி சில நாள் போனார். அங்கே யாரும் வராதே என்று சொல்லவில்லை. “முதலில் நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்” என்றார்கள். “பம்பைக் கழுவிவிட்டுப் போ” என்றார்கள். ஒரு மாதத்தில் அவர் சிவப்புப் பம்புக்கே திரும்பிவிட்டார். தெரிந்தேதான் திரும்பினார். நஞ்சு கொல்லப் பத்து வருடம் ஆகும், அவமானம் தினமும் காலையில் வரும் என்று தாதா சொன்னார்.

அடிபம்பு அந்த மக்களுக்குக் கொடுத்தது தண்ணீரை மட்டுமல்ல. யாரிடமும் கேட்காமல் குடிக்கும் உரிமையையும் அதுதான் கொடுத்தது. எங்கள் காலனிப் பம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்ததும் அதற்காகத்தான். சிவப்பு வர்ணம் அந்த உரிமையைப் பறித்து, அவர்களை மறுபடி பிறர் வாசலில் நிறுத்துகிறது. வேறு பம்பு காட்டாமல், குழாய் போடாமல், வர்ணம் மட்டும் அடித்துவிட்டுப் போகிற அரசு, உண்மையில் அந்தப் பெண்ணிடம் சொல்வது ‘நீயே சமாளித்துக்கொள்’ என்பதைத்தான்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. பீகாரில் ஆய்வாளர்கள் பம்பைச் சோதித்துக்கொள்ளக் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். 10 ரூபாய் என்றபோது சுமார் 69 விழுக்காட்டு வீடுகள் சோதித்துக்கொண்டன. 50 ரூபாய் என்றதும் அது 22 விழுக்காடாகச் சரிந்தது. நஞ்சு இருப்பது தெரிந்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்குதான் நல்ல தண்ணீருக்கு மாறின. வங்கதேசத்தில் ஆழமான கிணறுகளை அரசே போட்டுக்கொடுத்தது. ஆனால் புதிய கிணறுகளில் பாதியளவு யாருக்கு என்பதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் செல்வாக்குச் செலுத்தலாம் என்று கொள்கை இருந்ததை 2016இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் தன் அறிக்கையில் அம்பலப்படுத்தியது. பொதுக்கிணறு கட்சிக்காரர் வீட்டு முற்றத்தில் இறங்கியது. அதே அறிக்கை, ஆர்சனிக் தொடர்பான நோய்களால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 43,000 பேர் சாவதாகச் சொல்லும் ஒரு மதிப்பீட்டை எடுத்துக்காட்டியது.

நோய் வந்த பிறகும் இது தொடர்கிறது. தோலில் புள்ளியும் கையில் முடிச்சும் வந்தவர்களைத் தொழுநோயாளி என்றும் சாபம் பெற்றவர் என்றும் ஒதுக்கிவைத்த கதைகள் வங்கத்தின் இரண்டு பக்கமும் ஏராளம். பெண்களுக்குக் கல்யாணம் நின்றுபோனது, கட்டியவர்கள் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தீண்டாமைக்குப் பழகிய சமூகம், புதிதாக ஒரு புள்ளியைப் பார்த்ததும் உடனே அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஓசூரில் என் கை நகர்ந்ததும் அப்படித்தான். தோலில் தெரிவது தொடக்கம் மட்டும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களும் இதயநோயும் பிறகு வருகின்றன. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. உடலிலிருந்து ஆர்சனிக்கை வெளியேற்றப் புரதமும் ஃபோலேட் சத்தும் வேண்டும். பருப்பும் கீரையும் முட்டையும் சாப்பிடுபவர் உடல் ஓரளவு சமாளிக்கும். அதே தண்ணீரைக் குடித்தாலும் வெறும் சோறு தின்பவரை அது சீக்கிரம் வீழ்த்தும்.

அந்தச் சோற்றைப் பற்றியும் பேச வேண்டும். ஏனென்றால் குடிநீரை மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கிறோம், தீர்வதில்லை.

வங்கத்தில் பனிக்காலம் முடிந்து கோடை வரைக்கும் நடக்கும் நெல் சாகுபடிக்குப் போரோ என்று பெயர். மழை இல்லாத பருவம், அதனால் போர் தண்ணீர்தான். ஒரு போகத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு அது ஒரு கோடி லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்தால், ஒரு போகத்தில் ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு கிலோ ஆர்சனிக் இறங்குகிறது. வெள்ளத்தில் கொஞ்சம் அடித்துப் போகும். மீதி மேல்மண்ணிலேயே தங்கும்.

மற்ற தானியங்களைவிட நெல் இதை அதிகமாக உறிஞ்சுவதற்கும் காரணம் உண்டு. நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்பதால் மண்ணுக்குக் காற்று கிடைப்பதில்லை. அப்போது ஆர்சனிக், வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறுகிறது. நெல்லுக்குச் சிலிக்கான் நிறைய வேண்டும். சிலிக்கானை உள்ளே கொண்டுபோவதற்காக வேரில் இருக்கும் அதே வழியாகவே ஆர்சனிக்கும் நுழைந்துவிடுகிறது. வைக்கோலில் அரிசியைவிட அதிகமாகச் சேர்கிறது, அதை மாடு தின்கிறது.

அரிசிக்கு உலகத் தர அளவு ஒன்றை 2014இல் கோடெக்ஸ் ஆணையம் வகுத்தது. தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கனிம ஆர்சனிக் வரை இருக்கலாம். இப்போது இன்னொரு கணக்கு. நாளுக்கு 400 கிராம் அரிசி சாப்பிடும் விவசாயக் கூலி ஒருவர், அந்த வரம்பைத் தொடும் அரிசியைச் சாப்பிட்டால் உடலுக்குள் போவது 80 மைக்ரோகிராம். தர அளவுக்கு உட்பட்ட குடிநீரை இரண்டு லிட்டர் குடித்தால் போவது 20 மைக்ரோகிராம். அதாவது விதிப்படி ‘பாதுகாப்பான’ சோறு, விதிப்படி ‘பாதுகாப்பான’ தண்ணீரைவிட நான்கு மடங்கு நஞ்சைக் கொடுக்கலாம். எல்லா அரிசியும் அந்த வரம்பைத் தொடுவதில்லை. ஆனால் மூன்று வேளையும் சோற்றைத் தவிர வேறில்லாதவருக்கும், ஒரு கரண்டிச் சோற்றோடு மீனும் காய்கறியும் தயிரும் சாப்பிடுபவருக்கும் ஒரே அளவுகோல் என்பதில் இருக்கும் அநீதியைப் பாருங்கள். இது வெறும் கணக்கு விளையாட்டும் அல்ல. கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனமும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து மேற்கு வங்கத்தில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், குடிநீரில் பெரிய சிக்கல் இல்லாதவர்களிடமும், கிலோவுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் உள்ள சோற்றைச் சாப்பிட்டபோது மரபணுச் சேதத்தின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன.

நிறையத் தண்ணீரில் சோற்றைக் கொதிக்கவிட்டுக் கஞ்சியை வடித்துவிட்டால் ஆர்சனிக்கில் கணிசமான பங்கு போய்விடும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் இரண்டு சங்கடங்கள். கொதிக்கவைக்கும் தண்ணீரே நஞ்சாக இருந்தால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் கொதிப்பதால் ஆர்சனிக் ஆவியாகாது, செறிவுதான் கூடும். இரண்டாவது, ஏழை வீட்டில் வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றுவதில்லை. வங்காளத்தில் அதற்கு ‘ஃபேன்’ என்று பெயர். 1943 பஞ்சத்தில் கொல்கத்தா வீதிகளில் செத்து விழுந்தவர்கள் சோறு கேட்கவில்லை, ‘ஃபேன் கொடுங்கள்’ என்றுதான் கேட்டார்கள். அந்த நினைவு இருக்கும் வீட்டில் போய், கஞ்சியைக் கொட்டிவிடு என்று யார் சொல்வது?

மகத் நகரின் சௌதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதன்பிறகு சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். அந்தக் குளத்தில் குடிக்கும் உரிமையை நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆனது. அங்கே கேட்கப்பட்டது பொதுத் தண்ணீரில் சம உரிமை. வங்கத்தின் அடிபம்புகள் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தன. ஆளுக்கொரு பம்பு இருந்தால் பொதுக்குளமே தேவையில்லை, சண்டையும் இல்லை என்று நாமும் நம்பினோம். எங்கள் காலனியும் அப்படித்தான் நம்பியது. தனித்தனியாகத் தப்பிக்கும் அந்த வழியைத்தான் ஆர்சனிக் அடைத்துவிட்டது. நிலத்தடி நஞ்சுக்குத் தீர்வு பொதுவான தண்ணீரில்தான் இருக்கிறது. பொதுத் தண்ணீர் என்றால் மகத்தின் கேள்வி திரும்பவும் வந்து நிற்கும்.

வழி இல்லாமல் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஃபுளோரைடு இல்லாத காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. என் அண்ணன் பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாக இருக்கின்றன. என் தலைமுறைக்குக் காலம் கடந்துவிட்டது, ஆனால் ஓர் அரசு நினைத்தால் தலைமுறையின் பல்லையே மாற்ற முடியும் என்பதற்கு அந்தப் பிள்ளைகள் சாட்சி. ஆறுகளுக்கு நடுவில் கிடக்கும் வங்கத்தில் ஆற்று நீருக்கா பஞ்சம்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பம்பும் இலவசமாக, ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். முடிவைக் கோப்பில் வைக்காமல் அந்தந்தக் குடியிருப்பின் பெயரோடு, அங்கே வாழ்பவர்களின் சமூக விவரத்தோடு வெளியிட வேண்டும். மேற்கு வங்க மக்கள்தொகையில் 23.5 விழுக்காடு பட்டியல் சாதியினர். நல்ல தண்ணீரில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். எண்ணாததை எவரும் கேட்க முடியாது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் என்கிறது. ஆனால் குழாய் வந்துவிட்டதா என்பதோடு, அந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். அதே நிலத்தடி நீரை மோட்டார் வைத்து ஏற்றி அனுப்பினால் நஞ்சும் சேர்ந்துதான் வரும். ஆற்று நீர்க் குழாய் முதலில் தலித், ஆதிவாசி, ஏழை இஸ்லாமியர் குடியிருப்புகளுக்குப் போகட்டும், கடைசியில் அல்ல. ஆர்சனிக் வடிகட்டும் எந்திரங்களை வைத்துவிட்டுப் பராமரிக்காமல் போவதும் நிற்க வேண்டும். மேற்கு வங்கத்தில் அப்படி வைத்த எந்திரங்கள் பல சரியாக வேலை செய்யவில்லை என்று ஜாதவ்பூர் குழு 2005லேயே எழுதிவிட்டது.

வயலுக்கும் வழி உண்டு. நம் விவசாயிகள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்வார்களே, அதுதான். எப்போதும் தண்ணீரைக் கட்டிவைக்காமல், மண்ணைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் நெல்லுக்குள் போகும் ஆர்சனிக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. ஆனால் நேரத்துக்குத் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதி இருப்பவரால்தான் வயலைத் துணிந்து காயவிட முடியும். மோட்டார்க்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கும் குத்தகை விவசாயிக்கு அந்தத் துணிச்சல் வராது. அங்கேயும் நிலமும் தண்ணீரும் யார் கையில் என்பதே முதல் கேள்வி.

இதைப் படிக்கும் தோழர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் இணையப் பக்கங்களில், முற்போக்கு பேசுபவர்கள் நடுவிலும், ‘வடக்கன்’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்குகிறது. ரயிலில் இடம் பிடிக்கிறான், அழுக்காக இருக்கிறான், வாயைப் பார், கையைப் பார் என்று எழுதுகிறோம். என் பல்லைப் பார்த்துச் சிரித்தவர்கள் பேசியதும் இதே மொழிதான். நிலம் இல்லாமல், நல்ல தண்ணீர் இல்லாமல் இங்கே வந்து நம் பட்டறைகளிலும் கட்டடங்களிலும் நிற்பவர்களில் எத்தனை பேர் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பிய மக்களின் பேரப்பிள்ளைகள் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் கேட்டதும் இல்லை.

தாதா இப்போது ஓசூரில் இல்லை. உள்ளங்கை வெடித்து ஸ்பேனரைப் பிடிக்க முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். போவதற்கு முன் இரண்டு மாதம் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவர் பையனுக்கு ஒன்பது வயது என்றார். இன்னும் கையில் எதுவும் வரவில்லையாம். அவன் குடிப்பது அந்தச் சிவப்புப் பம்பில்தான்.